கைராசிக்கு ஒரு பட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

‘கைராசி’ என்ற சொல்லை அறியாதவர் நம் மாவட்டத்தில் எவரும் இரார். செங்கத்திலிருந்து வேட்டவலம் வரை எந்த ஊருக்குச் சென்றாலும், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இருப்பார். சுளுக்கு வழிப்பவர் ஒருவர், எலும்பு கட்டுபவர் ஒருவர், பச்சைக் குழந்தைக்கு உரம் எடுக்கும் மூதாட்டி ஒருவர். அவர்கள் வீட்டுத் திண்ணையில் பலகை தொங்காது. சுவரில் சான்றிதழ் இராது. ஆயினும் விடியற்காலையிலேயே கைக்குழந்தையும் கையுமாகத் தாய்மார்கள் அங்கே காத்திருப்பர்.

என் ஆயா அத்தகைய மூதாட்டிகளில் ஒருவர். ஆகவே நான் எழுதப் போவது ஏட்டிலே படித்த செய்தி மட்டுமன்று. எங்கள் வீட்டுச் செய்தியும் ஆகும்.

உரம் விழுதல் என்றால் என்னவென்று நகரத்து நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. தலை நிற்காத குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கிவிட்டால் கழுத்திலோ தோளிலோ பிடிப்பு ஏற்படும் என்பது நம் மக்களின் கருத்து. குழந்தை பால் குடிக்காது, வீறிட்டு அழும், ஒரு பக்கம் திரும்பாது. உடனே பழம்புடவையை விரித்து, அதன் நடுவில் குழந்தையைக் கிடத்தி, இருவர் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியுமாக மெல்ல உருட்டுவர். பின்னர் ஆயா விளக்கெண்ணெயைத் தொட்டு, தோளிலிருந்து விரல் நுனி வரை நீவி விடுவார். பெரும்பாலான குழந்தைகள் அழுகையை நிறுத்தி உறங்கிவிடும். உருட்டியதால் உறங்கியதா, எண்ணெய்க் கையின் இதத்தால் உறங்கியதா, அழுது களைத்து உறங்கியதா என்று ஆயா ஆராய்ந்ததில்லை. ஆராய வேண்டும் என்று தோன்றியது எனக்குத்தான். அதுவும் கல்லூரிக்கு வந்த பிறகு.

இனி, சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதான என் தம்பி புளியமரத்திலிருந்து விழுந்தான். இடது முழங்கை வீங்கிவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த அப்பா ஓடி வந்து, அவனை மொபெட்டில் வைத்துப் பக்கத்து ஊரில் எலும்பு கட்டும் ஒருவரிடம் கொண்டு சென்றார். ஊரும் பேரும் இங்கே வேண்டா. ஆசுபத்திரிக்குப் போனால் அறுத்து விடுவார்கள் என்ற அச்சம் ஒரு பக்கம், இரண்டு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை மறு பக்கம். அந்த மனிதர் கையை இழுத்து விட்டார். முட்டை வெள்ளைக் கருவில் துணியை நனைத்துச் சுற்றினார். மூங்கில் சிம்புகளை வைத்து இறுகக் கட்டினார். ‘கட்டு இறுகினால்தான் எலும்பு கூடும், மூன்று நாள் யாரும் தொடக் கூடாது’ என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிரவு தம்பி ஓயாமல் அழுதான். ஆயா எழுந்து வந்து அவன் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். “விரலு சில்லுன்னு கீதுடா. கட்ட அவுத்துடுங்க” என்றார். அப்பா, “நீ கொழந்தைக்கு எண்ணெ தேய்க்கிறவ. அவரு வைத்தியரு. ஒனக்கு இன்னா தெரியும்?” என்று அதட்டிவிட்டார். ஆயா மேலே பேசவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். இதயத்தின் நான்கு அறைகளையும், தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாட்டையும் மனப்பாடமாக ஒப்பிப்பவன் நான். அந்த மாதத் தேர்வில் உயிரியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விரல்கள் நீலம் பாரித்தன. அதன் பிறகுதான் பெரிய ஆசுபத்திரி. இன்று அவனுக்குப் பதின்மூன்று வயது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல்கள் உள்நோக்கி மடங்கியே இருக்கின்றன. புத்தகத்தைப் பிடிக்க முடிகிறது. பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

இதற்கு ‘வோல்க்மன் சுருக்கம்’ என்று பெயர். ரிச்சர்டு வான் வோல்க்மன் என்ற செருமானிய அறுவை மருத்துவர் 1881-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதி, இறுகிய கட்டினால் தசைக்கு இரத்தம் செல்லாமற் போவதே காரணம் என்று கூறிவிட்டார். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனி அந்த இடத்தை ஒட்டியே செல்கிறது. முறிந்த இடம் வீங்கும். வீக்கத்தின் மேல் கட்டு இறுகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் இரத்தம் தடைப்பட்டால் முன்கைத் தசைகள் மடியத் தொடங்கும். கட்டாமலே வீக்கத்தால் மட்டும் இது நேர்வதும் உண்டு, மாவுக்கட்டிலும் நேர்வதுண்டு. ஆகவேதான் மருத்துவமனைகளில் கட்டுப் போட்டபின் விரலை விரலைப் பார்க்கிறார்கள். வோல்க்மன் எழுதி ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த அறிவு எங்கள் ஊர் எல்லைக்குள் ஓர் எழுத்தறியா மூதாட்டியின் விரல் நுனியில் மட்டுமே இருந்தது. அதை மதிப்பார் இல்லை.

இந்தக் கேள்விதான் என்னை எழுதத் தூண்டியது. குழந்தையின் எலும்பையும் மூட்டையும் கையால் தொட்டுச் சரி செய்யும் கலையை யார் கற்க வேண்டும், எங்கே கற்க வேண்டும், எவ்வளவு காலம் கற்க வேண்டும்?

மேலை நாடுகளில் இதற்கு ‘ஆஸ்டியோபதி’ என்று ஒரு தனி முறையே உண்டு. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1864-இல் மூளையுறைக் காய்ச்சலில் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகளின்மேல் நம்பிக்கை இழந்து, 1874-இல் தம் கொள்கையை அறிவித்து, பின்னர் எலும்பு கட்டியாக ஊர் ஊராகத் திரிந்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களுக்கும் இடம் தந்தார். இன்று அந்நாட்டில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவராகவே பணியாற்றுகிறார். இங்கிலாந்தில் 1993-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பட்டம் பெற்றவர்கள் குழந்தைகளைத் தொடுவதற்கென்று முதுநிலைப் பயிற்சியும் அங்கே நடைபெறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வரையறை, புதிதாக இம்முறையைக் கற்பவருக்கு 4200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் 1000 மணி நேரமாவது ஆசிரியர் கண்காணிப்பில் நோயாளிகளோடு கழிய வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் எத்தனை மணி நேரம் கற்றார் என்று எண்ணிப் பார்த்தேன். அவருடைய தந்தை கட்டினார். ஆகவே அவரும் கட்டுகிறார்.

ஆயினும் ஆஸ்டியோபதியை அப்படியே இறக்குமதி செய்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. ஸ்டிலின் மாணவரான சதர்லேண்டு என்பவர், பிரித்து வைத்த மண்டையோட்டின் பொட்டெலும்பு மீனின் செவுள் போலச் சரிந்திருப்பதைக் கண்டு, மண்டையோடும் மூச்சுப் போல அசைகிறது என்று முடிவு கட்டினார். செவுளையும் மண்டையோட்டையும் ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கும் விலங்கியல் மாணவன் நான். வடிவம் ஒத்திருந்தால் செயலும் ஒத்திருக்கும் என்று விடைத்தாளில் எழுதினால் எங்கள் பேராசிரியர் சுழியம் போடுவார். பச்சைக் குழந்தைகளின் வயிற்றுவலி அழுகைக்குக் கையால் செய்யும் சிகிச்சைகளைப் பற்றி 2012-இல் காக்ரேன் குழுவினர் ஆறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மொத்தம் 325 குழந்தைகள். ஆய்வுகள் சிறியவை, குறையுடையவை. உறுதியான முடிவுக்கு வர இயலாது என்றே எழுதினர். எங்கள் ஆயா குளிப்பாட்டும்போது குழந்தையின் தலையை உருண்டையாக்கப் பிடித்து விடுவதும், மூக்கை நீவி நிமிர்த்துவதும், சதர்லேண்டு செய்ததும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. ஒன்றுக்குப் பட்டம் இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே. பட்டம் வந்ததனால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

அப்படியானால் கையால் செய்யும் மருத்துவமே வீண் என்று சில நண்பர்கள் துள்ளிக் குதிக்கலாம். அவர்களுக்காகத்தான் ஸ்பெயின் நாட்டு இக்னேசியோ பொன்செட்டியின் கதையைச் சொல்கிறேன். தம் நாட்டு உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். பின்னர் அமெரிக்காவின் அயோவாவில் குடியேறினார். ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று, பாதம் உட்புறமாக வளைந்தே பிறக்கிறது. நம் ஊரில் கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயின்மேல் பழி போடுவார்கள். அந்நாளில் இதற்கு அறுவைதான் வழி. அறுவை செய்துகொண்ட குழந்தைகள் வளர்ந்தபின் பாதம் விறைத்து வலியால் துன்புறுவதைப் பொன்செட்டி கண்டார். பச்சைக் குழந்தையின் பாத எலும்பு பெரும்பகுதி குருத்தெலும்பே என்பதை அறுத்துப் பார்த்து அறிந்து, எந்த எலும்பை அசையாமல் பிடித்து எதைத் திருப்ப வேண்டும் என்று வரையறுத்தார். வாரம் ஒருமுறை கையால் மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு. ஐந்தாறு வாரங்களில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பின்பு முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், அதன்பின் நான்கு வயது வரை உறங்கும் நேரத்தில் மட்டும் காலணிப் பட்டை. 1963-இல் அவர் இதைப் பற்றி எழுதியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று உலகெங்கும் முதல் சிகிச்சை இதுதான்.

இதுவும் கைராசிதான். ஆனால் இந்தக் கைராசியைப் பிறர் கற்க முடியும், அளக்க முடியும், தவறினால் ஏன் தவறியது என்று கேட்க முடியும். என் ஆயாவின் கையை என்னால் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் ‘அது அப்படித்தாண்டா’ என்பார்.

நம் சொந்தக் களஞ்சியத்தையும் மறந்துவிடலாகாது. சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகை. முறிந்த எலும்பைக் கட்டும் கொம்பு கட்டலும் அவற்றுள் ஒன்று. தொக்கணம் என்னும் நீவுதல் மட்டுமே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகைப்படும். குமரி மாவட்டத்து ஆசான்கள் காத்து வந்த வர்ம முறையில் நூற்றெட்டு இடங்கள் குறிக்கப்படுகின்றன. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. இவ்விடங்களில் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் குழந்தை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. படிக்கலாம். அதாவது வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அந்த வாசலுக்குள் ஒரு நடை குறைகிறது என்பதே என் வாதம். குழந்தை மருத்துவம் ஒரு துறை, புற மருத்துவமும் வர்மமும் வேறொரு துறை. மாவுக்கட்டுப் போடும் எலும்பு மருத்துவர் வேறொரு கட்டடம். இயன்முறை மருத்துவர் இன்னொரு கட்டடம். குழந்தை மட்டும் ஒன்றே.

வளர்ந்தவரின் எலும்பைச் சுருக்கி வைத்தால் குழந்தையின் எலும்பு ஆகிவிடாது. குழந்தையின் எலும்பு ஒடியும்போது பச்சைக் குச்சி போல ஒரு பக்கம் ஒடிந்து மறு பக்கம் வளையும். எலும்பின் நுனியருகே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதைத் தெரியாமல் இழுத்து நசுக்கிவிட்டால், அன்று ஒன்றும் தெரியாது, ஐந்து ஆண்டு கழித்துக் கை கோணலாக வளரும். வளரிளம் பருவத்திலோ வேறு சிக்கல். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் குறை, பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளிடம் முற்றுகிறது. குனியச் சொல்லி முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாவணிக்குள் மறைந்திருக்கும் முதுகை யார் பார்க்கிறார்கள்? வளர்ச்சி நிற்குமுன் கண்டால் பட்டை அணிவித்துத் தடுக்கலாம் என்று 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு காட்டியது. பட்டை அணிந்தவரில் 72 விழுக்காட்டினர் அறுவை எல்லையை எட்டாமல் தப்பினர். அணியாதவரில் 48 விழுக்காட்டினரே. இத்தனையும் தெரிந்த ஒரு கை வேண்டாமா? ஐந்தில் வளைந்ததை ஐந்திலேயே நிமிர்த்த வேண்டும் அல்லவா?

ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லே குழந்தைக்காகப் பிறந்தது. 1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலஸ் ஆந்திரி, ‘நேரான’, ‘குழந்தை’ என்ற இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை ஆக்கினார். கோணல் மரக்கன்றை முட்டுக்கழியோடு கயிற்றால் பிணைத்திருக்கும் அவருடைய படம் இன்றும் எலும்பு மருத்துவர்களின் சின்னம். கயிறு இறுகினால் பட்டை அறுந்து கன்று பட்டுப்போகும் என்பது தோட்டம் போடும் எவருக்கும் தெரியும்.

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமானவர் ஹியூ ஓவன் தாமஸ். வேல்சு நாட்டு எலும்பு கட்டிகளின் வழிவந்தவர். தந்தை இவான் தாமஸ் லிவர்பூலில் எலும்பு கட்டியவர். பட்டமில்லாதவர் என்று மருத்துவர்கள் அவரை ஓயாது எதிர்த்தனர். அவர் என்ன செய்தார்? தம் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். ஹியூ ஓவன் 1857-இல் தகுதி பெற்றுத் திரும்பி, தந்தையின் கைத்திறனையும் கல்லூரிக் கல்வியையும் ஒன்றாக்கினார். அவர் வகுத்த தாமஸ் சிம்பு முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எண்ணற்ற வீரர்களைக் காப்பாற்றியது. அவரிடம் பயின்ற மருமகன் ராபர்ட் ஜோன்ஸ், ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனை எழுவதற்குத் துணை நின்றார். ஒரு தலைமுறை மூங்கிலோடு நின்றது. அடுத்த தலைமுறை பட்டத்தோடு வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்ற முறையில் அந்த வீட்டுத் திண்ணையை என்னால் கண்ணால் காண முடிகிறது.

எனவே நான் கேட்பது இரண்டு. முதலாவது, சித்த மருத்துவமோ எம்.பி.பி.எஸ்.-ஸோ இயன்முறை மருத்துவமோ படித்த எவராயினும், குழந்தைகளின், வளரிளம் பிள்ளைகளின் எலும்பையும் மூட்டையும் தொடுவதற்கென்று ஒரே கூரையின்கீழ் முதுநிலைப் பயிற்சி வேண்டும். அதில் பொன்செட்டி முறையும் இருக்கட்டும், தொக்கணமும் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றும் சோதனையில் தேறிய பிறகே பாடத்தில் நிற்கட்டும். எதைத் தொடக் கூடாது என்பது முதல் தாளாக அமைய வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் செல்கின்றன. வளைந்த பாதமும் இடுப்பு மூட்டு விலகலும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளன. நம் நகரிலேயே அதே 2013-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கண்டுபிடிக்க ஆள் உண்டு. கண்டுபிடித்த பிள்ளையைத் தொட்டு நிமிர்த்தும் கைகள் சவ்வாது மலை அடிவாரம் வரை வர வேண்டாமா?

இரண்டாவது, திண்ணை வைத்தியர்களுக்கு. இவர்களைச் சிறையில் தள்ள வேண்டும் என்று என் விடுதி நண்பன் வாதிடுவான். தம்பியின் கையைப் பார்க்கும் நாள்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவரைத் தள்ளிவிட்டால் அந்தத் திண்ணையில் வேறொருவர் வந்து உட்காருவார். கூலி இழக்க முடியாத தந்தை அவரிடம் போவார். எத்தியோப்பியாவில் எலும்பு கட்டிகளை ஒரு நாள் உட்கார வைத்து, கட்டு இறுகினால் என்ன ஆகும் என்று கற்பித்தார்கள். அதன் பின் அந்தப் பகுதியில் அழுகிய கைகால்களை வெட்டி எடுக்க நேர்ந்த நிகழ்வுகள் குறைந்தன என்று 2005-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரே நாள்! நம் நாட்டிலும் ஊர் மருத்துவச்சிகளுக்குப் பிளேடையும் நூலையும் கொதிக்க வைக்கக் கற்றுக் கொடுத்த வரலாறு உண்டே.

‘மூடநம்பிக்கைக்கு அரசு முத்திரையா?’ என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இக்கட்டுரையின் கைப்படியைப் படித்துவிட்டுக் கேட்டார். நியாயமான கேள்வி. முத்திரை கேட்கவில்லை ஐயா, தேர்வு கேட்கிறேன் என்று சொன்னேன். தேர்வு என்றால் தோல்வியும் உண்டு. ஆயாவின் புடவை உருட்டலும் அதில் தோற்கக்கூடும். அதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன் என்பது வேறு விஷயம்.

கார்த்திகைத் தீபத்தின்போது, வேண்டிப் பெற்ற குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு மாட வீதியில் சுமந்து வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கரும்பின் இரு முனையிலும் தாய் தகப்பன். சென்ற தீபத்தன்று என் அருகே நின்ற ஆயா, தொட்டிலில் சென்ற ஒரு குழந்தையின் பாதத்தைச் சுட்டிக் காட்டி, “அது காலு உள்ள திரும்பிக் கீது பாரு” என்றார். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர்களை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

நான் இரண்டாமாண்டுக்கு வந்தபின் ஆயாவுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தேன். நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் இரத்தம் ஓடவில்லை. ஆயா சிரித்தார். ‘இத்தத் தாண்டா அன்னிக்கு நான் சொன்னேன்’ என்றார். இப்போது எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் நகத்தைத்தான் பார்க்கிறார்.

சென்ற மாதம், மரத்திலிருந்து விழுந்த ஆறு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். முழங்கை வீக்கம். ஆயா நகத்தை அழுத்திப் பார்த்தார், கையைத் தொடவில்லை. “இது என் கைக்கு இல்ல சாமி. ஒடனே பெரிய ஆசுபத்திரிக்கு இட்டுனு போங்க” என்றார். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘கைராசின்னு நம்பி வந்தோமே’ என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்கள். எங்கள் தெரு முனையில் இடப்புறம் திரும்பினால் திருவண்ணாமலைச் சாலை. வலப்புறம் திரும்பினால் பக்கத்து ஊர். நான் அன்று கல்லூரியில் இருந்தேன். வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று ஆயாவைக் கேட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை என்றார்.